சஃபோகேஷனின் ‘ஹிம்ஸ் ஃப்ரம் தி அபோக்ரிஃபா’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஆல்பத்தை யாருக்காவது போட்டுக் காட்டினால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சில கேள்விகளைக் கேட்டவர்கள் ரசிகர்கள். சில, பக்கத்து அறையிலிருந்து கதவைத் தட்டிக் கேட்கப்பட்டவை. இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த சஃபோகேஷன்?

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் 1980-களின் கடைசியில் தொடங்கிய டெத் மெட்டல் குழு. உறுமும் குரலும், கனமான கிட்டாரும், அதிவேக டிரம்ஸும் கொண்ட ராக் இசை வகை அது. பெயருக்கு மூச்சுத்திணறல் என்று பொருள். முதல் தடவை கேட்பவருக்குப் பொருள் சொல்ல வேண்டிய அவசியமே வராது. 1991-இல் ‘ஹ்யூமன் வேஸ்ட்’ என்ற இ.பி. (முழு ஆல்பத்தைவிடச் சிறிய வெளியீடு) வந்தது, அதே வருடம் ‘எஃபிஜி ஆஃப் தி ஃபர்காட்டன்’ என்ற முதல் முழு ஆல்பமும் வந்தது. அதைப் பதிவு செய்தது ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் இருந்த மோரிசவுண்ட் ஸ்டுடியோவில். தயாரித்தவர் ஸ்காட் பர்ன்ஸ், அட்டைப்படம் வரைந்தவர் டான் சீக்ரேவ். அந்தக் காலத்து டெத் மெட்டலில் இந்த மூன்று பெயரும் சேர்ந்து வந்தால் ஆல்பத்தைக் கேட்காமலே வாங்கலாம் என்பார்கள்.

1998-இல் ‘டெஸ்பைஸ் தி சன்’ இ.பி.யோடு குழு கலைந்தது. சில வருடங்கள் கழித்து மறுபடி கூடி, 2004-இல் ‘சோல்ஸ் டு டினை’ ஆல்பத்தோடு திரும்பினார்கள். எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். எல்லா ஆல்பத்திலும் குழு உறுப்பினராக இருப்பவர் கிட்டார் வாசிக்கும் டெரன்ஸ் ஹாப்ஸ் ஒருவர்தான்.

ப்ரூட்டல் டெத் மெட்டல் என்பது என்ன? சாதாரண டெத் மெட்டலே போதாதா?

போதாது என்று சிலருக்குத் தோன்றியதால்தான் இது பிறந்தது. சாதாரண டெத் மெட்டலில், எவ்வளவு வேகமாக இருந்தாலும், கிட்டாரில் ஒரு மெட்டு ஓடும், முணுமுணுக்கலாம். ப்ரூட்டல் டெத் மெட்டலில் மெட்டு பின்னால் போய்விடும், தாளம் முன்னால் வந்துவிடும். கிட்டார் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி, அறுத்து அறுத்து வாசிப்பார்கள். குரல் இன்னும் கீழே இறங்கும். வேகம் திடீரென்று அறுந்து, பாதி வேகத்தில் ஒரு கனமான பகுதி வந்து விழும். அதற்கு பிரேக்டவுன் என்று பெயர்.

சஃபோகேஷன்தான் இந்தப் பாணிக்கு அடித்தளம் போட்டது. முதல் ஆல்பத்தில் ‘லீஜ் ஆஃப் இன்வெராசிட்டி’ என்ற பாட்டின் நடுவில் அப்படி ஒரு பகுதி வரும். பின்னாளில் ‘ஸ்லாம்’ என்று ஒரு தனிக் கிளையே முளைத்ததற்கு விதை அதுதான் என்று ரசிகர்கள் கை காட்டுவது வழக்கம்.

இந்த ஆல்பம் பற்றிய அடிப்படை விவரம்?

2023 நவம்பர் 3 அன்று நியூக்ளியர் பிளாஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. குழுவின் ஒன்பதாவது முழு ஆல்பம், பாட்டும் ஒன்பது, நேரம் 40 நிமிடத்தை ஒட்டி. இதற்கு முந்தையது 2017-இல் வந்த ‘ஆஃப் தி டார்க் லைட்’. ஆக, நடுவில் ஆறு வருட இடைவெளி. ஹாப்ஸோடு இரண்டாவது கிட்டார் சார்லி எரிகோ, பேஸ் டெரெக் போயர், டிரம்ஸ் எரிக் மொரோட்டி, குரல் ரிக்கி மையர்ஸ்.

தலைப்புக்கு என்ன அர்த்தம்?

அபோக்ரிஃபா என்பது கிரேக்கச் சொல், ‘மறைக்கப்பட்டவை’ என்று பொருள். பைபிளின் அங்கீகரிக்கப்பட்ட வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்ட நூல்களை அப்படிச் சொல்வார்கள். தமிழில் ‘தள்ளுபடியாகமங்கள்’ என்ற அருமையான பழைய சொல் இருக்கிறது. ஹிம்ஸ் என்றால் துதிப்பாடல்கள். தள்ளிவைக்கப்பட்ட ஆகமங்களின் துதிப்பாடல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இசையே தள்ளுபடியான இசைதான் என்பதால் தலைப்பு எனக்குப் பிடித்தது.

ஃபிராங்க் முல்லன் இல்லாமல் இது சஃபோகேஷனா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், எனக்கும் பதில் சொல்ல ஆசை இந்தக் கேள்விக்குத்தான்.

முல்லன் முதல் ஆல்பத்திலிருந்து பாடியவர். பிற்காலத்தில் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு மாதக்கணக்கில் சுற்றுப்பயணம் போக அவரால் முடியவில்லை. அதனால் மேடையில் அவ்வப்போது வேறு ஆட்கள் நின்று பாடினார்கள். 2018-இல் விடைபெறும் சுற்றுப்பயணம் ஒன்றைச் செய்துவிட்டு விலகினார். மேடையில் அவருக்குப் பதிலாக ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ரிக்கி மையர்ஸ். அவரே நிரந்தரமானார். ஸ்டுடியோவில் அவர் குரலோடு வந்த முதல் சஃபோகேஷன் ஆல்பம் இதுதான்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மையர்ஸ் அடிப்படையில் பாடகர் அல்ல, டிரம்மர். கலிஃபோர்னியாவின் டிஸ்கார்ஜ் என்ற குழுவில் வருடக்கணக்கில் டிரம்ஸ் வாசித்தவர். கேள்விக்கு என் பதில் அதிலேயே இருக்கிறது. இந்த இசையில் குரல் என்பது மெட்டைச் சுமக்கிற கருவி அல்ல, தாளத்தைச் சுமக்கிற கருவி. கொன்னக்கோல் சொல்பவர் மிருதங்கம் அறிந்தவராக இருந்தால் எப்படி இருக்கும்? ‘தகதிமி’ எங்கே இறங்கும், எங்கே மூச்சு விடலாம், எங்கே ஒரு அட்சரம் தள்ளி எடுக்கலாம் என்று அவர் கைக்குத் தெரியும். மையர்ஸ் விஷயமும் அப்படித்தான். டிரம்ஸில் கூர்மையாக ஒலிக்கும் ஸ்நேரின் அடி விழுகிற இடத்திலேயே அவர் அசையும் விழுகிறது, அடி நிற்கும் இடத்தில் அவரும் நிற்கிறார்.

முல்லனிடம் வேறு ஒரு அழகு உண்டு. அவ்வளவு ஆழத்திலும் சொல் காதில் விழும், ஒரு வசனம் பேசுகிற தோரணை இருக்கும். மையர்ஸ் குரல் அதைவிட அடர்த்தி, அதைவிட ஈரம், சொல் குறைவாகத்தான் பிடிபடும். முல்லன் இல்லாத குறை தெரிகிறதா என்றால், தெரிகிறது. சில இடங்களில், அவர் இருந்தால் இந்த வரியை எப்படிக் கடித்துத் துப்பியிருப்பார் என்று மனம் தானாகப் போகிறது. ஆனாலும் ஆல்பம் ஓடத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் அது சஃபோகேஷன்தான் என்பதில் சந்தேகம் இருப்பதில்லை. குழுவின் முதுகெலும்பு ஹாப்ஸின் வலது கை. அது அப்படியே இருக்கிறது.

பாட்டு வரி ஒன்றும் புரியவில்லையே?

புரியாது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கும் பாதி புரியாது. அச்சிட்ட வரிகளை ஒரு தடவை கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகு காதே சொற்களை எடுத்துக் கொடுக்கும். எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கேட்கும்போது, இவ்வளவு நாள் எப்படிக் கேட்காமல் போனது என்று வியப்பாக இருக்கும்.

இப்படிப் பாடினால் தொண்டை கிழிந்துவிடாதா?

தவறாகச் செய்தால் கெட்டுப்போகும். சரியாகச் செய்பவர்கள் முப்பது வருடம் பாடுகிறார்கள். நாம் பேசும்போது அதிர்வது குரல் நாண்கள். அவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடித் திசு மடிப்பு உண்டு, அதைப் பொய்க் குரல் நாண் என்பார்கள். உறுமலின் கரகரப்பு பெரும்பாலும் அந்த மேல் மடிப்புகளும் அவற்றைச் சுற்றியுள்ள திசுக்களும் அதிர்வதால் வருவது. கத்துவதுபோல் தோன்றினாலும் கத்துவது அல்ல. ஸ்டுடியோவில் பக்கத்தில் நின்று கேட்டால் சத்தம் ஏமாற்றமளிக்கும் அளவுக்குச் சின்னதாக இருக்கலாம். பெரிதாக்குவது மைக். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இன்னும் பூதாகரமாகும்.

சிலர் மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்தபடி உறுமுவார்கள். அடைத்த வாய்க்காலில் தண்ணீர் இறங்குகிற மாதிரி கொப்பளிக்கும் ஒலி அதில் வரும். இந்த ஆல்பத்தில் கேட்பது பெரும்பாலும் அந்த ரகம் இல்லை. நீங்கள் முயற்சி செய்து பார்க்கிறீர்கள் என்றால் ஒரே விதிதான்: வலித்தால் நிறுத்துங்கள்.

எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கிறதே?

இந்தக் குற்றச்சாட்டை நான் மதிக்கிறேன், ஏனென்றால் நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். முதல் தடவை சஃபோகேஷனைக் கேட்டபோது ஆல்பம் முடிந்ததா, இன்னும் அதே பாட்டுதானா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னவென்றால், நான் மெட்டைத் தேடினேன். மெட்டைத் தேடினால் இதில் எல்லாமே ஒரே இரைச்சல்தான்.

ஸ்நேரைத் தேடுங்கள். டிரம்ஸில் ‘டப்’ என்று கூர்மையாக வெடிக்கிறதே, அதுதான் ஸ்நேர். கீழே ‘தும்’ என்று காலால் மிதிப்பது கிக். பிளாஸ்ட் பீட் என்பது இந்த இரண்டும் மாறி மாறி மூச்சுவிடாமல் ஓடுவது. மேஜையில் வலது உள்ளங்கையால் ஒன்று, இடது விரல்களால் ஒன்று என்று மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். இனி கணக்கு: நிமிடத்துக்கு 240 தட்டு என்றால் நொடிக்கு 4. ஒவ்வொரு தட்டும் நான்காகப் பிரிந்தால் நொடிக்கு 16 அடி. உங்கள் கை ஆறு ஏழிலேயே குழம்பியிருக்கும்.

ஸ்நேர் பிடிபட்டுவிட்டதா? சரி, இப்போது அது எப்போது மாறுகிறது என்று மட்டும் கவனியுங்கள். கிட்டார் ஒரு ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு துணுக்கை வாசிக்கிறது, பின்னால் பிளாஸ்ட் பீட் ஓடுகிறது. நாலைந்து நொடி கழித்து அதே ரிஃப் தொடர்கிறது, ஆனால் ஸ்நேர் அடிகள் நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். கிட்டார் ஒரு துளியும் மெதுவாகவில்லை, ஆனாலும் பாட்டின் வேகமே தரையில் இறங்கின மாதிரி இருக்கும். அதன் பிறகு ஹாப்ஸ் ரிஃப்பின் வாலை வெட்டிவிடுவார். எட்டு அடி இருந்த இடத்தில் ஏழு. நீங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் தலை தனியாக நிற்கும். இந்தக் குழு முப்பது வருடமாக இதே வேலையைத்தான் செய்கிறது: கேட்பவர் காலை ஊன்றுகிற நேரம் பார்த்துப் பாயை உருவுவது.

இதைப் பிடித்துக்கொண்டால் ஒன்பது பாட்டும் தனித்தனி முகத்தோடு வரும். தலைப்புப் பாட்டிலும் ‘டிம் வெயில் ஆஃப் அப்ஸ்க்யூரிட்டி’யிலும் தொடங்குங்கள். அப்புறம் ‘செராஃபிம் என்ஸ்லேவ்மென்ட்’.

கடைசிப் பாட்டை எங்கேயோ கேட்ட ஞாபகம் இருக்கிறதே?

இருக்கும். ‘இக்னரன்ட் டிப்ரைவேஷன்’ 1993-இல் வந்த ‘பிரீடிங் தி ஸ்பான்’ ஆல்பத்தின் பாட்டு. அதன் கதை கொஞ்சம் சோகமானது.

முதல் ஆல்பத்துக்கு மோரிசவுண்டின் ஒலி கிடைத்தது. இரண்டாவதுக்கு அப்போதைய வெளியீட்டு நிறுவனம் அந்தச் செலவைத் தரத் தயாராக இல்லை. ஊரிலேயே, நியூயார்க் பக்கத்திலேயே பதிவு செய்யவேண்டி வந்தது. அந்த ஆல்பத்தை இன்று போட்டாலும் கிட்டார் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி மெலிந்து கேட்கும், டிரம்ஸ் அட்டைப்பெட்டியில் அடித்த மாதிரி இருக்கும். பாட்டுகளோ அபாரம். குழுவின் மிகச் சிக்கலான அமைப்புகள் சில அதில்தான் இருக்கின்றன. நல்ல சாப்பாட்டைக் கிழிந்த இலையில் பரிமாறிய மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் குறை குழுவை விடவில்லை. 1995-இல் ‘பியர்ஸ்ட் ஃப்ரம் விதின்’ ஆல்பத்துக்காக மறுபடி மோரிசவுண்ட் போனபோது அந்தப் பழைய ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். 2006, 2009, 2013, 2017 ஆல்பங்களிலும் அதிலிருந்து ஒவ்வொரு பாட்டை எடுத்துத் திரும்ப வாசித்தார்கள். தவணை முறையில் ஒரு கடனை அடைப்பதுபோல. 2023-இல் ‘இக்னரன்ட் டிப்ரைவேஷன்’ முறை வந்தது.

இந்தத் தவணையைச் செலுத்த விருந்தாளியாக வந்து பாடியிருப்பவர் ஃபிராங்க் முல்லன். எட்டுப் பாட்டு மையர்ஸைக் கேட்டுவிட்டு, ஒன்பதாவதில் அந்தப் பழைய குரல் உள்ளே நுழையும்போது முதுகு நிமிரும். பழைய பதிவையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முப்பது வருடம் முன்பு அந்த ரிஃப்புக்குள் என்னென்ன இருந்தன என்று இப்போதுதான் கேட்கிறது. பழையதே உசத்தி என்பவர்களும் இருக்கிறார்கள், அந்த மெலிந்த ஒலியில்தான் ஒரு அச்சம் இருக்கிறது என்பார்கள். அவர்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது, நான் நிறுத்திவிட்டேன்.

ஆல்பத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது. ஒலி அளவுக்கு மீறிச் சுத்தம். கிக் ஒவ்வொன்றும் ஒரே அளவில், டைப்ரைட்டர் சாவி மாதிரி விழுகிறது. மனிதக் கால் மிதிக்கிறது என்ற உணர்வு சில இடங்களில் போய்விடுகிறது. பேஸ் கிட்டார் கிட்டார்களுக்கு அடியில் புதைந்திருக்கிறது. போயர் வாசிப்பது தனியாகக் கேட்க வேண்டிய வாசிப்பு என்பதால் இது எனக்கு வருத்தம். நடுவில் ஒன்றிரண்டு பாட்டுகள், நன்றாகவே இருந்தும், இந்தக் குழுவால் தூக்கத்தில்கூட எழுத முடிகிறவை. தனி கிட்டார் பகுதிகளில் மட்டும் குறை சொல்ல எதுவும் இல்லை. இரைச்சலுக்கு நடுவே ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்ட பாட்டைக் கேட்டால் மனம் முரடாகிவிடாதா?

கதவைத் தட்டியவர் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான், இந்த வகையில் வரும் பாடல் வரிகள் பலவும் இரத்தமும் சதையுமாக இருப்பவை. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் வன்முறை வரிகள் கொண்ட இசையின் ரசிகர்கள் 32 பேரையும் ரசிகர் அல்லாத 48 பேரையும் சோதித்தார்கள். ஒரு கண்ணுக்கு வன்முறைப் படம், மறு கண்ணுக்குச் சாதுவான படம் என்று ஒரே நேரத்தில் காட்டினால் மூளை எதை அதிக நேரம் பார்க்கிறது என்பது சோதனை. பொதுவாக மூளை ஆபத்தான படத்தின் பக்கம்தான் சாயும், அது உணர்வு மரத்துப்போகவில்லை என்பதன் அடையாளம். காதில் டெத் மெட்டல் ஓட, ரசிகர்களின் மூளையும் மற்றவர்களுடையதைப் போலவே வன்முறைப் படத்தின் பக்கம் சாய்ந்தது. மரத்துப்போனதற்கான அறிகுறி இல்லை.

வரிகள் எனக்கே முகம் சுளிக்க வைக்கும் குழுக்கள் இந்த வகையில் உண்டு, அவற்றைக் கேட்பதில்லை. சஃபோகேஷன் அந்த வரிசையில் பெரும்பாலும் சேராது. இவர்களுடைய நாட்டம் மரணம், மதம், ஏமாற்று, அழிவு என்று சற்று மேலே நிற்பது.

எதில் கேட்பது நல்லது?

ஃபோனின் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். கிக் முழுக்கக் காணாமல் போய், டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் சலசலப்பு மட்டும் மிஞ்சும், கொதிக்கிற எண்ணெயைக் கேட்ட மாதிரி. சுமாரான ஹெட்ஃபோன் போதும். சத்தத்தைக் கூட்டினால்தான் இந்த இசை புரியும் என்பது கட்டுக்கதை. நடுத்தர அளவில் ஸ்நேரும் ரிஃப்பும் இன்னும் பிரிந்து கேட்கும். வேலையிடப் பாதுகாப்புக்காகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு: 85 டெசிபலில் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதி. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். கச்சேரி அரங்கில் அது முதல் மூன்று பாட்டிலேயே தீர்ந்துவிடும். காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

அதே சமயத்தில் வந்த வேறு எவற்றைக் கேட்கலாம்?

2023-இன் அந்த மூன்று மாதம் ஒரு திருவிழா. செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் மேரிலாண்டின் டையிங் ஃபீட்டஸ் ‘மேக் தெம் பெக் ஃபார் டெத்’தையும், மான்ட்ரியாலின் கிரிப்டாப்சி ‘ஆஸ் கொமோரா பர்ன்ஸை’யும் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து கானிபல் கார்ப்ஸின் ‘கேயாஸ் ஹாரிஃபிக்’. புதிதாக நுழைபவருக்கு டையிங் ஃபீட்டஸ்தான் எளிது, தலையாட்ட இடம் கொடுப்பார்கள். அடுத்து இந்த ஆல்பம். கிரிப்டாப்சியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சஃபோகேஷனில் எது முதலில்?

‘பியர்ஸ்ட் ஃப்ரம் விதின்’. வரலாறு வேண்டுமானால் ‘எஃபிஜி’.

கச்சேரியில் எல்லோரும் கையை வெட்டுவதுபோல் ஆட்டுகிறார்களே, அது என்ன?

முல்லன் விட்டுப்போன சொத்து. பிளாஸ்ட் பீட் ஓடும்போது விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைக் கத்திபோல் நிறுத்தி, காற்றை வெட்டுவார். பார்த்தவர்கள் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. விடைபெறும் சுற்றுப்பயணத்துக்கே ‘டெத் சாப்பிங்’ என்று பேர் வைக்கும் அளவுக்குப் போனது. செய்து பார்ப்பதானால் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள், மணிக்கட்டு மட்டும் ஆட வேண்டும். ஸ்நேரோடு போங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கிக்கோடு போக முயன்று, பத்து நொடியில் கையை உதறிக்கொண்டு பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார்கள்.